ஃபுட்பால் வீரர்களை வாட்டும் இடுப்பு வலி... ஸ்கேன்ல தெரிஞ்சா உடனே ஆபரேஷனா?

பந்தை ஓங்கி உதைக்கும்போது தொடை இடுக்கில் சுருக்கென ஒரு வலி. 'தசைப்பிடிப்புதான், ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று விட்டால், மாதக்கணக்கில் போகாது. தொழில்முறை கால்பந்து வீரர்கள் பலரைப் படுத்தும் இந்தப் பிரச்னைக்குப் பெயர் 'ஹிப் இம்பிஞ்ச்மென்ட்'.

உள்ளே என்னதான் நடக்குது?

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் பந்து மாதிரி. தொடை எலும்பின் தலைப்பகுதிக்குக் கீழே கூடுதல் எலும்பு புடைத்திருந்தால் அது 'கேம்' வகை. கிண்ணத்தின் விளிம்பு அதிகமாக நீண்டிருந்தால் 'பின்சர்' வகை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். காலை மடக்கி உள்பக்கம் திருப்பும்போது எலும்புகள் இடித்துக்கொள்ளும். நாளடைவில் விளிம்பில் உள்ள 'லேப்ரம்' கிழியலாம், குருத்தெலும்பும் தேயலாம்.

ஏன் கால்பந்து வீரர்களுக்கு?

விதை சின்ன வயசுலேயே விழுகிறது. நெதர்லாந்தில் 12 முதல் 19 வயது வரையிலான இளம் வீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014-ல் வெளியானது. எலும்பு வளரும் பருவத்தில்தான் 'கேம்' புடைப்பு படிப்படியாக உருவாவதும், வளர்ச்சித்தட்டு மூடிய பிறகு அது பெரிதாக அதிகரிக்காததும் அதில் தெரிந்தது. வளரும் வயதில் கடுமையான பயிற்சி இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஸ்கேன் மட்டும் போதுமா?

போதாது. வலியே இல்லாமல் விளையாடும் பல வீரர்களின் ஸ்கேனிலும் இந்தப் புடைப்பு இருக்கும். அதனால்தான் 2016-ல் நிபுணர்கள் ஒன்றுகூடி உருவாக்கிய 'வார்விக் ஒப்பந்தம்', அறிகுறி, மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, ஸ்கேன் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் நோய் என்கிறது.

சிகிச்சை எப்படி?

வழக்கமாக முதலில் பிசியோதான். உதைகளின் எண்ணிக்கையையும், இடுப்பை ஆழமாக மடக்கும் ஸ்குவாட் போன்ற பயிற்சிகளையும் குறைப்பார்கள். இடுப்பு, வயிற்றுத் தசைகளைப் பலப்படுத்துவார்கள். பிறகு ஓட்டம், திரும்புதல், உதை, முழு ஆட்டம் எனப் படிப்படியாக ஏற்றுவார்கள். பொதுவாக இதற்குச் சுமார் 3 மாதம் தருவார்கள்.

அதற்கும் கேட்காவிட்டால் ஆர்த்ரோஸ்கோப்பி. சிறு துளை வழியாகப் புடைப்பைச் செதுக்கி, கிழிந்த லேப்ரத்தைத் தைப்பார்கள். பிரிட்டனில் 348 பொது நோயாளிகளிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், பிசியோ, ஆபரேஷன் இரண்டுமே பலன் தந்தன. ஓராண்டு முடிவில் ஆபரேஷனுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன். ஆனால் ஒரு வீரருக்கு ஆபரேஷன் என்றால் மைதானத்துக்கு வெளியே பல மாதங்கள். பழைய வேகம் திரும்பும் என்ற உத்தரவாதமும் இல்லை.

அதனால் கத்தியா, காத்திருப்பதா என்பதை ஸ்கேன் ஃபிலிம் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. வீரரின் வலியும் ஆட்டமும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். வார இறுதியில் டர்ஃபில் ஆடுபவர்களுக்கும் இது பொருந்தும்: தொடை இடுக்கு வலி வாரக்கணக்கில் நீடித்தால், வலி மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் மருத்துவரைப் பாருங்க!