மதியிறுக்கமுடையோரும் மலைத்தோட்டப் பணியும்

'ஆட்டிசம்' என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த சொல். குழந்தைகளிடம் காணப்படும் இவ்வியல்பை 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்த மருத்துவர் லியோ கானர் விரித்தெழுதினார். தமிழில் இதனை மதியிறுக்கம் என்பர். பெயரைக் கொண்டு, அறிவு இறுகிய நிலை என்று கொள்ளுதல் பொருந்தாது. பிறர் குறிப்பறிதலும், உரையாடலும், இரைச்சலைத் தாங்குதலும் இவர்களிற் பலர்க்கு அரியன. ஒன்றையே ஊன்றி நோக்கும் திறனோ பலரிடம் மிக்கிருக்கும்.

இவர்க்கு வேலை கிட்டாமைக்குத் திறமையின்மை மட்டுமே காரணமன்று. வேலைக்குச் செல்லும் வாயிலே தடையாகிறது. நேர்காணலில் முகம் நோக்காதவரை நேர்மையற்றவர் என்றும், வினாவுக்குத் தயங்குபவரை அறிவற்றவர் என்றும் எண்ணிவிடுவர். நல்ல கொழுந்தை இனங்காண வல்லவர், கொழுந்தைத் தொடுமுன்பே தள்ளப்படுகிறார்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் தோற்றுவித்த போ தேயிலைத் தோட்டத்தில் தமிழர் உழைப்புப் பெரிதும் கலந்துள்ளது. காலைப் பெரட்டு, வரையறுத்த நிரை, பின்னர் நிறுவை என்று ஒழுங்கு மாறாது நடக்கும் தோட்ட வேலை இவர்களிற் சிலர்க்குப் பொருந்தக்கூடும். ஆயினும் விரலாற் கிள்ளிய காலம் மாறிக் கத்தரியும் இயந்திரமும் வந்தன. இயந்திர இரைச்சல் சிலர்க்குத் தாங்கவொண்ணாதது. எடைக்கேற்ற கூலியோ, செம்மையாயினும் மெல்லச் செய்பவர்க்கு இழப்பாகும். தோட்டம் விட்டு விடுதிக்கும் கடைக்கும் செல்லின், அறியாதாரோடு ஓயாது பேசுவதே தொழிலாகிறது.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஏனையோர்க்கு நிகராக வேலைபெறும் உரிமையை இவர்க்கு வழங்கியது. ஆனால் அவ்வுரிமையை மறுப்போர்க்குத் தண்டம் விதிக்கும் பிரிவு, இயற்றப்பட்டபோது அச்சட்டத்தில் இல்லை. நூற்றுக்கு 1 இடம் என்று 1988இல் வகுத்த கொள்கையும் அரசுப் பணிக்கே உரியது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பணியின் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் 1 விழுக்காட்டை மதியிறுக்கமுடையோர் உள்ளிட்ட சில பிரிவினர்க்குப் பொதுவாக்கியது. மலேசியாவில் சமூகநல இலாகாவிற் பதிந்து அட்டை பெற மருத்துவர் சான்று வேண்டும். சிறுவயதில் 'மந்தம்', 'பிடிவாதம்' என்று ஒதுக்கப்பட்டு வளர்ந்தவர்க்கு அச்சான்றே எட்டாக்கனி.

வாய்வினாவுக்கு மாற்றாக ஒருநாள் வேலை செய்யவிட்டுப் பார்த்தல், கட்டளையைச் சுருக்கமாக எழுதித் தருதல், காதுறை வழங்கல், முதற்சில வாரம் உடனிருந்து பழக்க ஒருவரை அமர்த்தல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாதவை. இவற்றுக்கும் முற்பட்ட பணி பள்ளிக்குரியது. பேசாத மாணவனைப் பின்வரிசையில் அமர்த்திவிடாது, அவன் இயல்பை ஆராய்ந்து பெற்றோரை மருத்துவரிடம் ஆற்றுப்படுத்தும் ஆசிரியர், பிற்காலத்தில் அவன் உழைத்துண்ண வழி திறந்தவராவார்.