எழுத்து தெரியாத குழந்தைக்கு நூலகம் எதற்கு?

அ, ஆ கூட வராத மூன்று வயதுப் பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிப்போய் என்ன பயன்?

எழுத்துக்கு முன்பே வந்தாக வேண்டியவை பல. சொல்வளம், கதையில் எது முன், எது பின் என்ற நினைவு, ஒத்த ஓசையுள்ள சொற்களைக் காதால் பிரித்தறிவது, புத்தகத்தை நேராகப் பிடித்துப் பக்கம் புரட்டுவது. இவை வந்த பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் எழுத்து சீக்கிரம் பிடிபடும். அமெரிக்கப் பொது நூலகங்கள் பெற்றோருக்குச் சொல்லித்தரும் ஐந்து வேலைகளும் இதற்குத்தான்: பேசுவது, பாடுவது, வாசித்துக் காட்டுவது, எழுதவிடுவது, விளையாடுவது. எழுதுவது என்றால் இந்த வயதில் கிறுக்குவதுதான். கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள்.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். குழம்பிப் போகாதா?

திருத்தணியை அடுத்த ஆர்.கே.பேட்டை பக்கம் இந்தப் பயம் இயல்பானது. திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1960 ஏப்ரல் 1-ல்தான். இரண்டு மொழியும் இங்கே ஒரே தெருவில் புழங்குகின்றன. பிள்ளை குழம்பாது. அவ்வா (பாட்டி) தெலுங்கில் சொன்ன கதையில் 'அப்புறம் என்ன?' என்று கேட்கப் பழகிய பிள்ளை தமிழ்க் கதையிலும் அதைக் கேட்கும். பள்ளித் தமிழுக்காக அவ்வாவின் கதையை நிறுத்துவதுதான் நஷ்டம். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் தெலுங்கிலும் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எனக்கே படிக்கத் தெரியாதே?

படத்தைக் காட்டி, 'இவன் ஏன் அழறான்?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அந்தப் பொறுமைதான் பாடம். வீட்டில் தறி இருந்தால், பாவு, ஊடை, நாடா என்று அதைப் பற்றிப் பேசினாலும் பிள்ளைக்குச் சொல் சேரும்.

புத்தகத்தைக் கிழித்துவிட்டால்?

சின்னப் பிள்ளை கிழிக்கத்தான் செய்யும். ஒட்டிக்கொள்ளலாம்.

செலவாகுமா?

உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டப்படி உங்கள் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் வசூலாகிறது. ஆகவே அது நீங்கள் பணம் கட்டிய இடம்.

நூலகத்தில் சின்னப் பிள்ளைக்குப் புத்தகம் இருக்குமா?

அரசுப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்களைத் தந்திருக்கிறது. அதற்கும் முந்தைய வயதுக்கு அங்கன்வாடியும் பொது நூலகமும்தான் துணை. ஆனால் பல கிளை நூலகங்களில் போட்டித் தேர்வு நூல்களுக்குக் கிடைக்கும் அலமாரி படப் புத்தகங்களுக்குக் கிடைப்பதில்லை. பெற்றோர் நாலு பேர் சேர்ந்து போய் நூலகரிடம் கேளுங்கள்: தாழ்வான ஒரு அலமாரி, ஒரு பாய், வாரத்தில் ஒரு மாலை அரை மணி நேரம் கதை.