மீன் தொட்டிக்கு இரண்டாவது வடிகட்டி

கண்ணாடித் தொட்டியிலே மீன் வளர்ப்போர் பலர், சில மாதங்கள் சென்றதும் ஒரு குறையைக் காண்கின்றனர். நீர் கலங்குகின்றது, அன்றி, நீர் தெளிந்திருக்கவும் மீன்கள் விடியற்காலையில் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து தவிக்கின்றன. முதலில் வாங்கிய சிறு வடிகட்டி போதாது என்ற எண்ணம் அப்பொழுதே எழுகின்றது. கடையிலோ பலவகைக் கருவிகள் பலவகை விலைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கையிலுள்ள பணம் சிறிதாயின் எதைத் தெரிவது?

இவ்வினாவுக்கு விடைகாணுமுன், வடிகட்டி செய்யும் தொழில் யாது என்பதை அறிதல் வேண்டும். இலண்டன் இரசாயன அறிஞரான இரொபேட்டு வாரிங்டன், ஏறத்தாழ 12 கலன் கொள்ளும் பாத்திரமொன்றிலே இரு பொன்மீன்களையும், வலிசுநேரியா என்னும் நீர்ச் செடியையும், அழுகிய இலைகளை உண்ணும் நத்தைகளையும் ஒருங்கே வளர்த்து, அதன் முடிபை 1850இல் வெளியிட்டார். செடி ஒட்சிசனை விடுப்பதால் மீன் வாழ்கின்றது என அவர் விளக்கினார். அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. அதே பெயரைத் தாங்கிய அவர் மைந்தர், பிற்காலத்தில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் வேளாண்மை ஆய்வு நிலையத்திலே பணியாற்றி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியாவை இரு படிகளில் மாற்றுகின்றன எனக் காட்டினார். தந்தையின் தொட்டிக்கும் அவ்விளக்கம் பொருந்தும்.

மீன் தன் பூக்களின் வழியே அமோனியாவை வெளிவிடுகின்றது. உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகின்றது. இது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா இதனை நைத்திரைற்று ஆக்கும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைத்திரேற்று ஆக்கும். அது தீமை குறைந்தது. இவ்விருவகைப் பற்றீரியாவும் நீரில் மிதந்து திரிவதிலும் பார்க்கப் பஞ்சு, கல், மணல் ஆகியவற்றின் மேற்பரப்பிலே ஒட்டி வாழ்வனவே மிகுதி. எனவே நல்ல வடிகட்டி என்பது அழுக்கைப் பிடிக்கும் வலை மட்டுமன்று. பற்றீரியா குடியிருக்கும் வீடுமாகும்.

நீரின் இயல்பும் இங்கே கவனிக்கத்தக்கது. பீ.எச். அளவு 7 ஆகவுள்ள நீரிலும் 8 ஆகவுள்ள நீரில் நஞ்சுத்தன்மையுள்ள அமோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து நீரைப் பெறுவன. அத்தகைய வன்னீரைத் தொட்டியில் இடுவோர் அமோனியாவைப் பற்றிக் கூடுதலாக எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். மேலும், வெப்பமான நீர் குறைந்த ஒட்சிசனையே கொள்ளும். 20 பாகை செல்சியசில் இலீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையும் ஒட்சிசன், 28 பாகையில் 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைகின்றது.

இவற்றை நோக்கின், சிறு செலவில் இரண்டாவது வடிகட்டி தேடுவோருக்கு முதலில் ஏற்றது காற்றால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே எனலாம். காற்றுக் குமிழிகள் குழாயில் மேலெழும்போது நீர் பஞ்சினூடாக இழுக்கப்படுகின்றது. அழுக்கும் பிடிபடும், பற்றீரியாவுக்கும் இடம் கிடைக்கும், நீர்ப்பரப்பு அசைவதால் ஒட்சிசனும் கரையும். மீன்குஞ்சுகள் உள்ளே இழுபடுவதில்லை. முன்னரே காற்றுப் பம்பி உள்ள வீட்டில், குழாயை இரண்டாகப் பிரிக்கும் சிறு இணைப்பு ஒன்றும் பஞ்சு ஒன்றுமே போதுமாகலாம். 4 உவாற்றுப் பம்பி இரவும் பகலும் ஓடினும் மாதத்துக்கு 3 அலகு மின்சாரத்தைக் கடப்பதில்லை. 20 உவாற்றுக் கொண்ட வெளிக்கல வடிகட்டியோ 14 அலகுக்கு மேல் எடுக்கும்.

மின்வெட்டு நேருங்காலத்தும் பஞ்சுக்கு ஒரு நன்மையுண்டு. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய வேளையில் மூடிய கலத்தினுள் உள்ள பற்றீரியா ஒட்சிசனின்றி மடியும். திறந்த தொட்டியிலுள்ள பஞ்சில் அவை நெடுநேரம் தாங்கும். ஆனால் பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தல் வேண்டும். இன்றேல் மின்சாரம் நின்றதும் நீர் குழாய்வழியே பின்னோக்கிப் பம்பியினுள் இறங்கிவிடும்.

தொட்டி பெரிதாயினும், மீன்கள் அழுக்கை மிகுதியாக்கும் பொன்மீன்களாயினும், உள்ளே அமிழ்த்தும் மின்வடிகட்டி தேவைப்படலாம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி 56 இலீற்றர் கொள்ளும். மணிக்கு நான்கு மடங்கு நீர் சுழலவேண்டும் என்ற பொதுவிதிப்படி அதற்கு 225 இலீற்றர் ஓட்டமுள்ள கருவி வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவு, அழுக்கேறாத கருவிக்கு உரியது; ஆகவே சற்றுக் கூடியதையே தெரிதல் நன்று. நீர் மஞ்சளாகவோ நாற்றமாகவோ இருப்பின் சிரட்டையிலிருந்து செய்யப்படும் உயிர்ப்பூட்டிய கரி உதவும். அடுப்புக் கரி அதற்கு ஈடாகாது. அக்கரியும் சில வாரங்களில் நிறைவுற்றுப் பயனிழக்கும்.

புது வடிகட்டியைப் பூட்டிய அன்றே பழையதை எறிந்துவிடுதல் பெரும் பிழை. பற்றீரியா புது வீட்டில் பெருக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். பழைய பஞ்சின் அழுக்கைப் புதுப் பஞ்சின்மேற் பிழிந்துவிடின் காலம் குறையும். பஞ்சைக் குளோரீன் கலந்த குழாய்நீரிற் கழுவினால் பற்றீரியா மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரை வாளியில் விட்டு, அதிலேயே மெல்லப் பிழிதல் வேண்டும். இரண்டு வடிகட்டிகளையும் ஒரே நாளிற் கழுவுதல் ஆகாது. இரண்டு வைத்திருப்பதன் பெரும் பயனே, ஒன்று கழுவப்படும்போது மற்றையது தொட்டியைக் காப்பதுதான்.

எத்தனை வடிகட்டிகள் வைப்பினும் நைத்திரேற்று நீரிலே தங்கிவிடும். அதனைக் குறைக்க வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும்; புதுக்குழாய்நீராயின் அதன் குளோரீனை முதலில் நீக்குதல் வேண்டும். சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிட்டு, தொட்டிக்கு ஏற்ற தொகை மீன்களையே வளர்ப்பவருக்கு இரண்டாவது வடிகட்டி தேவைப்படாமலே போதலும் உண்டு. ஆதலின் கடைக்குச் செல்லுமுன் தொட்டியிலுள்ள மீன்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. அதற்குச் செலவேதும் இல்லை.