அழகுக்கான அறுவைச் சிகிச்சை: யாரை நம்பலாம்?

2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட இளம் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2022 மே மாதம் பெங்களூருவில், உடல் கொழுப்பைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் போன 21 வயதுக் கன்னடத் தொலைக்காட்சி நடிகை உயிரோடு வீடு திரும்பவில்லை. இருவருமே நோய்க்கு மருந்து தேடிப் போனவர்கள் அல்லர். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், 'இந்த வயதில் அழகு ஆசை எதற்கு?' என்ற பேச்சுதான் முதலில் கிளம்புகிறது. இறந்தவர்மீதே பழியைப் போடும் அந்தப் பேச்சில், கேட்டிருக்க வேண்டிய கேள்வி அடிபட்டுப் போகிறது. சிகிச்சை செய்தவர் யார், என்ன படித்தவர், எந்த இடத்தில் செய்தார், நிலைமை மோசமானபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? அழகு சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. முடிவு செய்துவிட்டால், மருத்துவர் நம்மை எவ்வளவு அழகாக்குவார் என்று பார்ப்பதற்கு முன்னால், உயிருக்கு ஆபத்து வந்தால் இவரால் நம்மைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதற்கான மற்ற எல்லா அளவுகோல்களும் இதற்குப் பிறகுதான்.

பெயர்ப்பலகையும் பட்டமும்

'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்ற பலகையைப் பார்த்ததும், அது ஒரு தனிப் படிப்பு முடித்தவருக்குக் கிடைக்கும் பட்டம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் இந்தத் துறைக்கான முறையான உயர்படிப்பு, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம். வழக்கமான பாதை நீளமானது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், பொது அறுவைச் சிகிச்சையில் எம்.எஸ். மூன்று ஆண்டுகள், அதன் பிறகு நுழைவுத் தேர்வு எழுதி எம்.சிஎச். மூன்று ஆண்டுகள். தீக்காயம், விபத்தில் சிதைந்த கை, புற்றுநோய்க்காக அகற்றப்பட்ட தாடை, பிளவுபட்ட உதடு என்று உடைந்த உடல்களைச் சீர்செய்தே இந்த மருத்துவர்கள் தொழில் கற்கிறார்கள். தோலுக்கு எந்த வழியில் ரத்தம் வருகிறது, எந்த நரம்பு எந்த ஆழத்தில் ஓடுகிறது, ஒட்டிய தோல் கறுக்கத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் கைக்குப் பழகுகிறது. பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும் மூக்குத் திருத்தமும் கொழுப்பு நீக்கமும் இந்த அறிவின்மேல் நிற்பவை. சில நாள், சில வாரப் பயிற்சிக்குப் பிறகு கிடைக்கும் 'ஃபெலோஷிப்', 'டிப்ளமோ' சான்றிதழ்கள் இதற்கு ஈடாகாது. சட்டம் போட்டு, மாலையோடு வரவேற்பறைச் சுவரில் எத்தனை தொங்கினாலும் ஈடாகாது.

பட்டத்தைச் சரிபார்ப்பது கடினமான காரியமும் அல்ல. மருத்துவரின் பதிவு எண்ணை மருத்துவமனையில் காட்சிக்கு வைக்க வேண்டும், மருந்துச் சீட்டில் அச்சிட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஒரு பிரிவில் சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னை அந்தப் பிரிவின் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. எனவே மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியதும் பெயருக்குக் கீழே இருக்கும் வரியைப் படியுங்கள். எம்.பி.பி.எஸ். என்பதற்குப் பிறகு என்ன வருகிறது, எந்தப் பிரிவில் வருகிறது, எந்தப் பல்கலைக்கழகம் என்று பாருங்கள். பிறகு அந்தப் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் அல்லது தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். பதிவேட்டில் உயர்படிப்பு தென்படவில்லை என்றால், பட்டச் சான்றிதழைக் காட்டும்படி நேரடியாகக் கேட்கலாம். தகுதி உள்ளவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வேறு மருத்துவ முறை படித்தவர் நவீன மருத்துவம் செய்தால் அவர் போலி மருத்துவரே என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. வெள்ளைக் கோட்டுக்குள் இருப்பவர் என்ன படித்தவர் என்று கேட்பதில் நாம் கூச்சப்படத் தேவையில்லை.

சின்ன ஊசியிலும் பெரிய ஆபத்து

'வயிற்றைக் கிழிக்கிற ஆபரேஷனா இது? மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிற சின்ன விஷயம்தானே' என்பார்கள். அந்த மரத்துப்போகும் ஊசியையே எடுத்துக்கொள்வோம். முடி நடுவதற்கு வழக்கமாகப் பயன்படும் லிடோகெய்ன் என்ற மருந்துக்கு உடல் எடையை வைத்து உச்ச வரம்பு உண்டு. அட்ரினலின் கலந்து ஊசியாகப் போட்டால், ஒரு கிலோ எடைக்கு 7 மில்லிகிராம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 2 சதவீதக் கரைசலில் வெறும் 21 மில்லி. முன்மண்டை, பின்மண்டை முழுவதையும் மணிக்கணக்கில் மரத்துப்போக வைக்கும்போது, கணக்குப் பார்க்காமல் மேலும் மேலும் ஊசி போட்டால் இந்த அளவைத் தாண்டுவது எளிது. தாண்டினால் உதட்டைச் சுற்றி மரமரப்பு வரும், காதில் இரைச்சல் கேட்கும், பிறகு வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். முதல் அறிகுறியிலேயே புரிந்துகொண்டு ஊசியை நிறுத்தி, பிராணவாயு கொடுத்து, தேவைப்பட்டால் சிரை வழியே கொழுப்புக் கரைசல் ஏற்றத் தெரிந்தவர் இருந்தால் உயிர் பிழைக்கும். சுருக்கம் நீக்கும் ஃபில்லர் ஊசியிலும் இதே கதைதான். புருவங்களுக்கு நடுவிலும் மூக்கிலும் உள்ள நுண்ணிய தமனிகள் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய்களோடு தொடர்புடையவை. ஊசிமுனை தவறித் தமனிக்குள் போய்விட்டால் நிரந்தரமாகப் பார்வை பறிபோகலாம்.

பயிற்சி எப்படி உயிரைக் காக்கிறது என்பதற்கு, கொழுப்பை எடுத்துப் பிட்டத்தில் செலுத்தும் சிகிச்சை இன்னொரு சான்று. சுமார் 3,000 பேரில் ஒருவர் இறக்கக்கூடும் என்று பன்னாட்டுப் பிளாஸ்டிக் சர்ஜரி சங்கங்களின் கூட்டுக் குழு 2018-ல் எச்சரித்தது. அழகு சிகிச்சைகளிலேயே மிக அதிகமான இறப்பு விகிதமாக அது கருதப்பட்டது. தசைக்குள் செலுத்தப்படும் கொழுப்பு, அங்குள்ள பெரிய சிரைகள் வழியாக நுரையீரலை அடைந்து ரத்த ஓட்டத்தை அடைத்துவிடுகிறது என்பது பிரேதப் பரிசோதனைகளில் தெரிந்தது. தசையைத் தொடாமல் தோலுக்கு அடியில் மட்டுமே கொழுப்பைச் செலுத்த வேண்டும் என்று குழு அறிவுறுத்தியது. சாவுக்கும் பிழைப்புக்கும் இடையில் இருப்பது சில சென்டிமீட்டர் ஆழம். அந்த ஆழத்தைக் கை உணர வேண்டும் என்றால் உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவரோடு இடத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். முழு மயக்கமோ, ஊசி போட்டு அரைத் தூக்கத்தில் ஆழ்த்துவதோ இருந்தால், அதைக் கவனிக்கத் தனியாக ஒரு மயக்க மருத்துவர் வேண்டும். அவர் மருந்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாமல் முடியும்வரை இருக்க வேண்டும். கொழுப்பு நீக்கத்தில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதாக இருந்தால், இரவு முழுக்க மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிகிச்சையைச் செய்யப்போவது ஆலோசனை சொன்ன மருத்துவரா, உதவியாளர்களா என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். முடி நடும் இடங்களில் இந்தக் கேள்வியைத் தவறவிடக் கூடாது.

மறுப்புகளும் பதில்களும்

'பட்டம் இருந்தால் திறமை வந்துவிடுமா? எம்.சிஎச். இல்லாமலே ஆயிரம் பேருக்குச் செய்தவர் இருக்கிறாரே' என்பது நியாயமான மறுப்பு. பட்டம் திறமைக்கு உத்தரவாதம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த 'ஆயிரம் பேர்' கணக்கைச் சரிபார்க்க நம்மிடம் வழி இல்லை. பட்டத்தைச் சரிபார்க்க வழி இருக்கிறது. மேலும், காலியான சாலையில் ஆயிரம் முறை வண்டி ஓட்டியவருக்கு, பிரேக் பிடிக்காதபோது என்ன செய்வது என்பது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லாம் சரியாக நடக்கும் நாள்களின் அனுபவம் ஒன்று, தவறிப்போன நாள்களைப் பெரிய மருத்துவமனையில் மூத்தவர்களின் மேற்பார்வையில் கையாண்ட அனுபவம் வேறு. யூடியூப் காணொலியையோ பயிலரங்கையோ பார்த்துவிட்டு முடி நடுதல் உள்ளிட்ட அழகு சிகிச்சைகளைத் தொடங்குவது போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்ல வேண்டி வந்தது. அப்படித் தொடங்கியவர்கள் இருந்ததால்தானே அதைச் சொல்ல நேர்ந்தது?

'அப்படியானால் பிளாஸ்டிக் சர்ஜன் தவிர வேறு யாரிடமும் போகக் கூடாதா?' என்றால், அப்படியும் இல்லை. தோல் மருத்துவத்தில் எம்.டி. படித்தவர் ஃபில்லர், லேசர், முடி நடுதல் ஆகியவற்றைச் செய்யலாம். காது-மூக்கு-தொண்டை அறுவை நிபுணர்களில் மூக்குத் திருத்தத்தில் தேர்ந்தவர்கள் உண்டு. செய்யப்போகும் சிகிச்சை, அவர் முறையாகப் படித்த பிரிவின் எல்லைக்குள் வருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். தோல் மருத்துவர் வயிற்றுத் தோலை அறுத்து இறுக்க முன்வந்தால் விலகி வந்துவிடுவதே நல்லது. தகுதி பெற்ற நிபுணர்களிடமும் மரணம் நிகழ்கிறதே என்பது அடுத்த மறுப்பு. நிகழ்கிறது, ஆபத்தே இல்லாத அறுவைச் சிகிச்சை கிடையாது. ஆனால் ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம் பார்த்து, புகைபிடிப்பதைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லி, பொருத்தமில்லாதவரைத் திருப்பி அனுப்பி, ரத்தக்கசிவை அன்றிரவே கண்டுபிடித்துச் சரிசெய்யும் இடத்தில் அந்த ஆபத்து குறைகிறது. அந்தக் குறைவைத்தான் நாம் தேடிப் போகிறோம்.

செலவைப் பற்றிய மறுப்பு மிகவும் வலியுள்ளது. நிபுணர் கேட்கும் தொகையில் பாதிக்குத் தெருமுனையில் செய்கிறார்கள் என்றால், நடுத்தரக் குடும்பத்து இளைஞர் எங்கே போவார்? குறைகிற பாதி எங்கிருந்து குறைகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். மயக்க மருத்துவர், அறுவை அரங்கு, கண்காணிப்புக் கருவிகள், இரவுத் தங்கல் ஆகியவற்றுக்கான செலவுதான் பெரும்பாலும் அங்கே வெட்டப்படுகிறது. கோணிப்போன மூக்கையோ, கொழுப்பைத் தாறுமாறாக எடுத்ததால் மேடுபள்ளமான வயிற்றையோ திருத்துவதற்கான இரண்டாவது அறுவை முதல் அறுவையைவிடக் கடினம், செலவும் கூடுதல். அரசு மருத்துவமனைகளையும் மறந்துவிடக் கூடாது. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, மார்பக அறுவை உள்ளிட்ட அழகியல் சிகிச்சைகளை இலவசமாகத் தர முன்வந்தபோது, மக்கள் வரிப்பணத்தில் அழகு எதற்கு என்று விமர்சனம் எழுந்தது. பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஏழைகள் தகுதியற்றவர்களிடம் போய்ச் சேர வேண்டியதில்லை என்பதே அதற்குச் சரியான பதில்.

சம்மதம் உங்கள் உரிமை

முன்-பின் படங்களையும் இணைய மதிப்புரைகளையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றின் எல்லை தெரிந்து பார்க்க வேண்டும். படத்தில் இருப்பவை தேர்ந்தெடுத்த வெற்றிகள். வெளிச்சமும் கோணமும் மாறினாலே முகம் மாறும். மூக்கு அறுவையில் வீக்கம் முழுவதும் வடிய ஓராண்டு ஆகலாம் என்பதால், ஒரு மாதப் படம் எதையும் நிரூபிக்காது. 'இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி' என்று ஆலோசகர் அவசரப்படுத்தினால், முதலில் வீட்டுக்குக் கிளம்புங்கள். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், வேறொரு மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் அழகு அறுவைக்குப் போக முடியாது. சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகும் குறைந்தது ஏழு நாள் கழித்தே தேதி குறிக்க முடியும். அதே ஆண்டு செப்டம்பரில், 'சர்ஜன்' என்று போட்டுக்கொள்ளும் உரிமையையும் அந்நாடு அறுவைப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் என்று சட்டமாக்கியது. அந்த ஏழு நாள் இடைவெளியை நமக்கு நாமே விதித்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.

சிகிச்சையின் தன்மை, பயன், மாற்றுவழி, ஆபத்து ஆகியவற்றை விளக்கிய பிறகு பெறுவதே முறையான சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே உடலுக்கு என்னென்ன சிக்கல் வரலாம், வந்தால் என்ன செய்வீர்கள், திருத்த அறுவைக்குத் தனியாகப் பணம் கேட்பீர்களா, உடலுக்குள் வைக்கும் சிலிகான் பொருளின் நிறுவனப் பெயரும் வரிசை எண்ணும் எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். பிரான்ஸின் பிப் நிறுவனம் மருத்துவத் தரமற்ற தொழிற்சாலைச் சிலிகானை மார்பக உறைகளில் நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமானபோது, தங்கள் உடலுக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் பொருள் என்ற கேள்வி பல நாட்டுப் பெண்களுக்கு உயிர்க் கேள்வியானது. கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரை, 'உங்களுக்கு இது தேவையில்லை' என்று சொல்லவும் தயங்காதவரைத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவு சுமையையும் நோயாளியின் தலையில் ஏற்றுவது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை. செய்பவரின் பட்டமும் பதிவு எண்ணும் இல்லாமல் எந்த அழகு சிகிச்சை விளம்பரமும் வெளிவரக் கூடாது. பதிவில்லாத கிளினிக்கை ஒரு மரணத்துக்குப் பிறகு பூட்டுவதற்குப் பதில் முன்பே சோதனையிட வேண்டும். மருத்துவக் கவுன்சில்கள் புகார் வரும்வரை காத்திருக்கக் கூடாது. இவை அரசின் கடமைகள், அவற்றை நாம் வலியுறுத்திக் கேட்க வேண்டும். அது நிறைவேறும்வரை, பதிவு எண்ணைத் தேடிப் பார்க்கும் பத்து நிமிடமும், மயக்க மருத்துவர் யார் என்று கேட்கும் ஒரு கேள்வியும் உங்கள் கையில் உள்ள பாதுகாப்பு. முன்பணம் கட்டுவதற்கு முன்பே அவற்றைப் பயன்படுத்திவிடுங்கள்.