கண்டோர் கூற்று

அகத்திணையிற் கூற்றிற்குரியோரை வகுக்கும் தொல்காப்பியர், தலைவன், தலைவி, தோழி, செவிலி முதலியோரோடு 'கண்டோர்' என ஒரு சாராரையும் சேர்த்துள்ளார். உடன்போக்கிற் செல்லும் இருவரைச் சுரத்திடைக் காணும் வழிப்போக்கர் அவர். அவர்க்குப் பெயரில்லை, அவ்விருவரோடு உறவுமில்லை. நேரிற் கண்டனர் என்னும் ஒன்றே அவர்க்குப் பேசும் உரிமையை நல்கிற்று. இவ்விடத்தைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்துவரும் எனக்கு, இதன் பொருளைச் செவ்வனே உணர்த்தியது ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளரின் வாழ்க்கை என்றால் அன்பர் வியப்பர்.

அவர் அனிதா பிரதாப் அம்மையார். 1958 ஆம் ஆண்டு கேரளத்துக் கோட்டயத்திற் பிறந்தவர். தில்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும், பின்னர் பெங்களூரில் இதழியலும் பயின்று, 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழிற் பணியாற்றினார். 1983 இல் எம் நாட்டில் மூண்ட இனக்கலவரத்தின்பின், இலங்கை நிலைமையை நேரில் அறியப் புறப்பட்ட இந்தியச் செய்தியாளருள் அவரும் ஒருவர். வேலுப்பிள்ளை பிரபாகரனை அவர் கண்ட நேர்காணல், 1984 மார்ச்சு மாதம் 'சண்டே' வார இதழில் வெளிவந்தது. தலைமறைவாயிருந்த அவரை முதன்முதல் நேர்கண்ட இதழாளர் அம்மையாரே என்பர். அப்பொழுது அவர்க்கு அகவை இருபத்தைந்து.

பின்னர் 'டைம்' இதழின் செய்தியாளராகவும், அதன்பின் சி.என்.என் தொலைக்காட்சியின் தெற்காசியப் பொறுப்பாளராகவும் விளங்கினார். 1996 ஆம் ஆண்டு செப்டெம்பரில் தலிபான்கள் காபூல் நகரைக் கைப்பற்றியபோது, அங்கு நிகழ்ந்தவற்றை உலகிற்குக் காட்டிய பணிக்காக அமெரிக்காவின் ஜார்ஜ் போல்க் விருதைப் பெற்றார். பெண்கள் வீட்டை விட்டு வெளிவரவும் அஞ்சிய நகரைப் பற்றி உலகம் ஒரு பெண்ணின் வாயிலாகக் கேட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயின், தொலைக்காட்சியின் ஆயுள் சிறிது. இரண்டு நிமிடம் ஒளிர்ந்து, அடுத்த காட்சி வந்ததும் மறைவது அது. நிழற்படக் கருவி கண்டதை உள்ளத்தில் இருத்தி, ஆறிய பின் எழுத்தாக்கினாலன்றி அது நிலைபெறாது. இதனை அம்மையார் உணர்ந்திருந்தார் போலும். 2001 இல் 'ஐலண்ட் ஆவ் பிளட்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். 'குருதித் தீவு' என்பது அத்தலைப்பின் பொருள். இலங்கை, ஆப்கானிஸ்தான் முதலிய போர்க்களங்களில் தாம் கண்டவற்றைத் தன்மைக் கூற்றாகவே அதில் எழுதியுள்ளார். 2014 இல் எர்ணாகுளம் தொகுதியில் ஆம் ஆத்மி கட்சியின் சார்பில் தேர்தலில் நின்று தோற்றார். கண்டோர் நிலையினின்று அவர் விலகிய இடம் அஃது என்பேன். அதனால் முன் கண்டது பொய்யாகிவிடாது.

அந்நூலின் தலைப்பைக் காணுந்தோறும் என் நெஞ்சு வேறொரு தீவை நினைக்கின்றது. 1985 ஆம் ஆண்டு மே 15 ஆந் தேதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினிப் படகில், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அப்படகில் எந்தத் தொலைக்காட்சிக் கருவியும் இருந்ததில்லை. அன்று யான் பள்ளி மாணவன். துறைமுகத்தில் எழுந்த அழுகுரல் இன்றும் என் செவியில் உள்ளது. ஆயினும், அதனை இதுகாறும் ஒரு தாளிலேனும் யான் எழுதியதில்லை. கண்டோர் கூற்றைக் கற்பித்தவன், தான் கண்டதைக் கூறாதிருந்தேன்.

எம்மவர் எழுதவேயில்லை என்பதன்று. மருத்துவப் பேராசிரியர் ராஜினி திராணகம ஏனை மூவரோடு இணைந்து எழுதிய 'முறிந்த பனை' உண்டு. அவர் 1989 செப்டெம்பர் 21 இல் யாழ்ப்பாணத்தில் வீதியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கண்டதைக் கூறுதற்கு இம்மண்ணில் விலை அத்துணைப் பெரிது.

ஆகவேதான், அண்மையில் என் மாணவி ஒருத்தியின் பெற்றோர் என்னை நாடி வந்தபோது யான் திகைத்தேன். ஊடகக் கற்கை பயின்று தொலைக்காட்சிச் செய்தியாளராக வேண்டும் என்பது அவள் விருப்பம். "பண்டிதர் ஐயா, நீங்கள் சொன்னால் பிள்ளை கேட்பாள். ரீச்சர் வேலைக்குப் படிக்கச் சொல்லுங்கோ" என்றார் தந்தையார். தாயார் ஒன்றும் கூறவில்லை. 2000 ஆம் ஆண்டு அக்டோபரில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியாளர் நிமலராஜனை அவ்வன்னை மறந்திருக்கமாட்டார் என்பது அவர் முகத்திற் புலப்பட்டது.

அவர்க்கு விடைகூற யான் மீண்டும் தொல்காப்பியத்தையே நாடினேன். சுரத்திடைக் காண்போர் பொழுதின் கொடுமையையும் வழியின் அச்சத்தையும் மறையாது எடுத்துக் கூறுவர்; ஊர் அண்மையில் உள்ளது என்றும் கூறுவர். அச்சத்தை மறைத்தல் கண்டோர்க்கு இயல்பன்று. வழியை மறித்தலும் அன்று. எனவே, இரண்டையும் அம்மாணவிக்கு ஒளியாது உரைத்தேன். அவள் துணிவு மாறவில்லை. பெற்றோர் அரைமனத்தோடு இசைந்தனர்.

வரும் விடுமுறையில் நெடுந்தீவுக்குப் படகேறி, முதியோர் கண்டவற்றை அவர்தம் சொல்லிலேயே எழுதிவருமாறு அவளைப் பணித்துள்ளேன். அக்குறிப்பேட்டின் முதற்பக்கத்தை யானே எழுதித் தருவதாக வாக்களித்துமுள்ளேன். நாற்பதாண்டு தாழ்த்த கடன் அது.