மின்சாரச் சங்கிலி இரம்பம்

2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்குத் தீவையும் செபராங் பிறையையும் தாக்கிய புயல்மழையில் மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. காற்றுக்கு எளிதில் முறியும் பால்மரங்களுக்கிடையே வாழும் நமக்கு இது புதிதன்று. இத்தகைய வேளைகளில் மின்சாரச் சங்கிலி இரம்பத்தை இரவல் வாங்கி வருவோர் உண்டு. பெட்ரோல் இரம்பத்தைப் போல் அது புகைவதில்லை, நிற்கையில் உறுமுவதுமில்லை. அதனாலேயே அதனை விளையாட்டுப் பொருளாக எண்ணிவிடுகிறோம். விசையை அழுத்திய கணமே சங்கிலி முழுவேகத்தில் ஓடும் என்பது நினைவிற்கு வருவதில்லை.

பெரும் ஆபத்து தகட்டின் நுனியில் உள்ளது. நுனியின் மேற்பகுதி சிறு கொம்பில் பட்டாலும் சங்கிலி அதில் சிக்கி, இரம்பத்தை இயக்குபவரின் முகத்தை நோக்கி எகிறச் செய்யும். இமைப்பொழுதில் நிகழ்வதால் விலக நேரமிராது. ஆகவே, இடக்கைப் பெருவிரல் முன்பிடியைச் சுற்றியிருக்குமாறு இரு கைகளாலும் இறுகப் பற்ற வேண்டும். தலை, சங்கிலியின் நேர்க்கோட்டில் இருத்தலாகாது. தோளுக்கு மேல் உயர்த்தியோ ஏணியில் நின்றோ அறுத்தல் கூடவே கூடாது.

மழையிலும் ஈரத்திலும் இதனை இயக்கக்கூடாது. மின்கம்பி எப்போதும் நமக்குப் பின்புறமே கிடக்கட்டும். சங்கிலி தளர்ந்தால், பிளக்கைப் பிடுங்கிய பின்னரே, மின்கலத்தில் இயங்குவதாயின் அதனைக் கழற்றிய பின்னரே, கை வைக்க வேண்டும். “ஒரு நிமிட வேலைதானே” என்னும் எண்ணம் விரல்களுக்குப் பகை. மின்கம்பிமீது சாய்ந்த மரத்தை நாம் அணுகவே கூடாது. அது மின்வாரியத்தாரின் பணி.

தோட்ட வேலைக்கென இரம்பம் தரப்படுமாயின், பயிற்சி அளிப்பது 1994ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி முதலாளியின் கடமையாகும். அதனைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.