சிங்கில் தண்ணீர் ஏறினால் முதலில் வெளிக் கானைப் பாருங்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. முகாமிலிருந்து திரும்பும் கொட்டகலைக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டில் இனி வரக்கூடிய ஒரு தொல்லை: சமையலறை சிங்கில் ஊற்றிய தண்ணீர் இறங்காது, அல்லது அழுக்கோடு மேலே திரும்பி வரும்.

உடனே சிங்குக்கு அடியில் கழற்றத் தொடங்க வேண்டாம். லயத்துச் சமையலறைக் குழாய் பெரும்பாலும் பின்பக்கக் கானில்தான் விழும். கானில் சேறு நிறைந்து குழாய் வாயை மூடியிருந்தால் வீட்டுக்குள் என்ன செய்தும் பயனில்லை. அடுத்த காம்பராவில் தண்ணீர் ஊற்றும்போது உங்கள் சிங்கில் ஏறுகிறதா? அப்படியென்றால் அடைப்பு பொதுக் குழாயிலோ கானிலோ இருக்கிறது. உங்கள் சிங்க் மட்டும் நிறைகிறதென்றால் அடைப்பு உங்கள் குழாயில்.

கானை இறக்கத்தின் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி வெட்டி வாருங்கள். தேங்கிய தண்ணீர் வடிந்துகொண்டே போகும். பூட்ஸும் கையுறையும் போடுங்கள், காலில் புண் இருப்பவர் இறங்க வேண்டாம். சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ கடும் உடல்வலியோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய், கான் சேற்றில் நின்றதைச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு ஆரம்பத்திலேயே மருந்து எடுக்க வேண்டும். வாரிய மண்ணைச் சரிவின் விளிம்பில் குவிக்காதீர்கள்.

பிறகு சிங்கின் கீழ் வளைவு. அதற்கு அடியில் வாளியை வைத்து, மூடியைக் கையால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே தேயிலைச் சக்கை, சோறு, தேங்காய்ப்பூ இருக்கும். கூடவே வெள்ளையாக உறைந்த எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையிலேயே உறையத் தொடங்கும். நம்முடைய குளிரில் குழாய்க்குள் உறையாமல் இருக்குமா? கழுவி மாட்டுவதற்கு முன், வளையும் கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு அசையுங்கள். மாட்டியபின் சூடான தண்ணீர் ஊற்றி, வெளியே ஒருவரை நிறுத்தி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிவிசி குழாய் இளகிவிடும். கடையில் விற்கும் அமிலத்தைக் குளோரின் தூளோடு சேர்த்து ஊற்றினால் நச்சுப் புகை வரும். சின்னச் சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஊற்றிய தண்ணீர் சிங்கிலும் ஏறவில்லை, கானுக்கும் வரவில்லை என்றால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். குழாய் எங்கோ உடைந்து, தண்ணீர் வீட்டுக்கு அடியில் மண்ணுக்குள் இறங்குகிறது. ஏற்கெனவே ஊறிப்போன சரிவை அது இன்னும் தளர்த்தும். சிங்கைப் பாவிப்பதை நிறுத்தி, குழாயை மாற்றும்வரை வாளியில் பிடித்துக் கானில் ஊற்றுங்கள். கானின் வாயைக் கீழ் லயத்துப் பக்கம் திருப்பிவிடவும் வேண்டாம்.

தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, கதவு இறுகுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் குழாய் வேலையை விட்டுவிட்டு எல்லோரையும் வெளியேற்றுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கும்வரை அந்த வீட்டில் படுக்க வேண்டாம்.